முதல் மொழியும் இல்லாத குழந்தைகள்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்த மத்திய அரசின் முடிவைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது என்று நினைப்பவர்கள், கர்நாடக எல்லையோரத் தேன்கனிக்கோட்டையிலிருந்து மலையிறங்கி அஞ்செட்டி வரை ஒருமுறை வந்து போக வேண்டும். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தம், மும்மொழிக் கொள்கை, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு தொடுத்த வழக்கு எல்லாம் வாசகர்கள் அறிந்தவை. பின்னர் கட்டாயக் கல்விச் சட்டத்தின் பங்கு என்று ஒரு துண்டு மட்டும் விடுவிக்கப்பட்டதும் தெரியும். இவ்வளவு வாதத்துக்கு நடுவில் மிக அபூர்வமாகவே பேச்சில் அடிபட்டவர்கள், பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும்தான்.

நிறுத்தப்பட்ட பணத்தில் வகுப்பறைகளுக்கும் பாடப் பொருள்களுக்கும் உரியது மட்டும் இல்லை. மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியும் அதே திட்டத்தில்தான் வருகிறது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீடு தேடிச் சென்று தரும் பயிற்சி, உதவிக் கருவிகள் எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பயிற்றுநர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள். மாநில அரசு தன் கையிலிருந்து போட்டுச் சமாளித்தது, அதுவரை சரி. ஆனால் சமாளிப்பு, இருப்பதைக் காப்பாற்றும். இல்லாத ஒன்றைத் தொடங்காது. அஞ்செட்டி மலைக் கிராமங்களில் இனிமேல்தான் தொடங்க வேண்டியது, காது கேளாத குழந்தையின் தாய், தகப்பன், பாட்டி, அண்ணன், அக்கா எல்லோரையும் உட்காரவைத்துச் சைகை மொழி சொல்லித்தரும் வேலை.

ஏன் குடும்பம் முழுவதும் என்று கேட்கலாம். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், காது நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவை. அந்த வீட்டில் சைகை மொழி அறிந்தவர் யாருமில்லை. மற்றக் குழந்தைகள் யாரும் கற்றுத்தராமலே வீட்டுப் பேச்சிலிருந்து மொழியை எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் குழந்தைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. மொழி பதிவதற்கு வாகான முதல் ஐந்தாறு வருடம் போய்விட்டால், பிறகு எத்தனை ஆசிரியர் வைத்தாலும் முழுதாக மீட்க முடியாது.

அஞ்செட்டியில் இது உயிர் சம்பந்தப்பட்டதும்கூட. ராகிக் கதிர் முற்றும் காலத்தில் இந்தப் பக்கம் யானை இறங்கும். ஊர் தன்னைக் காத்துக்கொள்வது பெரும்பாலும் சத்தத்தால்: பட்டாசு, தகரத் தட்டல், தெருவுக்குத் தெரு கூச்சல். நாலு வயதுக் காது கேளாத பிள்ளைக்கு அவற்றில் ஒன்றும் எட்டாது. தாய் கையைத் தும்பிக்கை மாதிரி முகத்துக்கு முன் ஆட்டிக் காட்டுவாள், பிள்ளை புரிந்துகொள்ளும். சோற்றுக்கு ஒரு சைகை, தண்ணீருக்கு ஒரு சைகை, மீசையை முறுக்கினால் அப்பா. எந்த வீடும் இவ்வளவுக்குத் தானாகவே வந்துவிடும். ஆனால், “நேற்று ராத்திரி ஓடைப் பக்கம் யானை வந்தது, அதனால் நாளைக்கு அந்த வழியாகப் போகாதே, அப்பா வந்ததும் சேர்ந்து போகலாம்” என்பதை அந்தத் தாய் எப்படிச் சொல்வாள்? நேற்றும் நாளையும் ‘அதனால்’ என்பதும் வீட்டுச் சைகையில் எளிதில் அடங்காது. அவற்றுக்கு இலக்கணம் உள்ள மொழி வேண்டும். இந்திய சைகை மொழி அப்படிப்பட்ட முழு மொழி. அதைச் சொல்லித்தர எதிரில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இலவசமாகக் காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்துகிறார்களே என்பார்கள். நல்ல திட்டம். ஆனால் கருவி வைத்த அன்றே பேச்சு வந்துவிடாது. மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், எல்லாக் குழந்தைக்கும் ஒரே பலனும் கிடைப்பதில்லை. அதுவரை அந்த வீட்டில் தாயும் பிள்ளையும் எந்த மொழியில் பேசிக்கொள்வது? சைகை கற்றால் பேச்சு வராது என்று இன்னமும் பெற்றோரைப் பயமுறுத்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரும் அநியாயம்.

நமக்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், கௌரிபிதனூர் வட்டத்து அலிப்பூரில், காது கேளாதவர்கள் தலைமுறைகளாகச் சேர்ந்து வாழ்ந்ததில் அந்த ஊருக்கென்றே ஒரு சைகை மொழி உருவாகி, காது கேட்கும் ஊர்க்காரர்களும் அதில் பேசுகிறார்கள். சிதறிக் கிடக்கும் மலைக் கிராமத்தில் ஒற்றைப் பிள்ளையோடு நிற்கும் குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே அரசுதான் வந்தாக வேண்டும்.

அஞ்செட்டி, தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி. பள்ளிப் பிள்ளைக்கு மூன்றாவது மொழி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையை முன்னிட்டு, முதல் மொழியே இல்லாத குழந்தையின் பங்கையும் சேர்த்துப் பூட்டிவைத்தார்கள். எந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்று பணத்தை நிறுத்தினார்களோ, அதே 2020 தேசியக் கல்விக் கொள்கைதான் இந்திய சைகை மொழியை நாடெங்கும் தரப்படுத்தி, அதில் பாடப் பொருள்கள் உருவாக்கப்போவதாக எழுதிவைத்திருக்கிறது. எழுதியவர்களே தங்கள் வாக்கைப் பிணையாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள். இது கொள்கை உறுதி அல்ல, கல்நெஞ்சம்.

மத்திய அரசிடமிருந்து வருகிற முதல் கைவிடலும் இதுவல்ல. இந்திய சைகை மொழிக்கென்று ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஒன்றை 2011 அக்டோபரில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில், 2013-இல், இழுத்து மூடினார்கள். பிறகு 2015 ஏப்ரலில், தனி மையம் வேண்டாம், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட செவித்திறன் நிறுவனத்தோடு சேர்த்துவிடலாம் என்று உத்தரவு போட்டார்கள். காது கேளாதவர்கள் போராடியதால்தான், அந்த ஆண்டு செப்டம்பரில் தனி மையத்துக்கு வழி பிறந்தது. நடுவில் ஆட்சி மாறியது, மனப்போக்கு மாறவில்லை. மூடுவதற்கு யாரையும் கேட்கவில்லை, திறப்பதற்குப் போராட வேண்டியிருந்தது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தச் சொல்கிறது. சட்டம் வந்த ஆண்டில் பிறந்த காது கேளாத குழந்தைக்கு மொழி பதியும் பருவம் எப்போதோ முடிந்துவிட்டது.

2021-இல் பத்தாயிரம் சொற்களோடு சைகை மொழி அகராதி, 2024 டிசம்பரில் சைகை மொழிக்கென 31-ஆம் எண் கல்வித் தொலைக்காட்சி என்று பட்டியல் வாசிப்பார்கள். காட்டுக்கும் கூலிக்கும் போய் இருட்டியபின் வீடு திரும்பும் தாய், அகராதியைப் பார்த்துத் தன் பிள்ளையோடு பேசக் கற்றுக்கொள்வாள் என்று நம்புகிறவர்கள், பிள்ளை வளர்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை.

வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். மும்மொழியைப் பற்றி இரண்டு அரசுகளும் வேண்டுமட்டும் வாதாடட்டும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான தொகையை இந்தத் தகராறிலிருந்து பிரித்தெடுக்க ஏதேனும் ஒரு வழியை உடனே காண வேண்டும். யார் கணக்கில் எழுதிக்கொண்டாலும் சரி. நிதியை நிறுத்தியபோது மூன்று வயதில் இருந்த குழந்தை இப்போது பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டது. அந்தக் குழந்தையிடம் பேச ஒரு மொழி இல்லாமல் பெற்றோர் நிற்பதற்கு, முடிவெடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.