வீரர் தூங்குகிறார், மெக்கானிக் விழித்திருக்கிறார்!

நள்ளிரவு. இத்தாலி நாட்டில் ஓர் ஊர். பெரிய லாரி ஒன்று பூட்டி நிற்கிறது. சைக்கிள் பந்தய வீரர்கள் அயர்ந்து தூங்குகிறார்கள்.

திருடர்கள் வந்தார்கள். லாரியை உடைத்தார்கள். 18 சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள்!

இது 2025 ஆகஸ்டு மாதம் நடந்தது.

"சைக்கிள் திருட்டு எந்த ஊரில்தான் இல்லை? இது ஒரு செய்தியா?" என்று நீங்கள் கேட்கலாம்.

திருடு போனவை சாதாரண சைக்கிள்கள் அல்ல. ஒரு சைக்கிளின் விலை 10 லட்சம் ரூபாய்க்கு மேல்! ஸ்பெயின் நாட்டுப் பெரும் பந்தயமான "வுவெல்டா", அந்த ஆண்டு இத்தாலியில் தொடங்கியது. அதற்கு வந்திருந்த "விஸ்மா" கோஷ்டியின் சைக்கிள்கள் அவை.

பந்தயம் யாருக்காகவும் நிற்காது. சைக்கிள் இல்லை என்று சொல்லி ஒரு நாள் தள்ளிப்போட முடியாது. பொழுது விடிந்ததும் 8 வீரர்களும் கோட்டில் நின்றாக வேண்டும்.

நின்றார்கள்! மிச்சம் இருந்ததை வைத்து மெக்கானிக்குகள் அவர்களைத் தயார் செய்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவரும் இந்தக் கோஷ்டியைச் சேர்ந்த வின்கெகார்டுதான். பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. மெக்கானிக்குகளின் படம் வரவில்லை.

அதற்கு முந்திய மாதம் பிரான்சிலும் இதே கதை. "கோபிடிஸ்" என்ற கோஷ்டி, முதல் நாள் பந்தயம் முடிந்த இரவே 11 சைக்கிள்களைப் பறிகொடுத்தது.

இந்த மெக்கானிக்குகள் யார்? அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்?

21 நாள் ஓட்டம்

சைக்கிள் பந்தயங்களில் பெரியது "டூர் டி பிரான்ஸ்". பிரான்சு நாட்டைச் சுற்றி ஓடும் பந்தயம். ஒவ்வொரு ஆண்டும் ஜூலை மாதம் நடக்கும். 21 நாள் ஓட்டம். இடையில் இரண்டு நாள் ஓய்வு. 2025-ல் மொத்த தூரம் சுமார் 3,300 கிலோ மீட்டர். 23 கோஷ்டிகள் ஓடின. கோஷ்டிக்கு 8 பேர்.

8 பேருக்கு 8 சைக்கிள் போதாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று சைக்கிள்கள் உண்டு. தனியாக ஓடி நேரம் காட்டும் போட்டிக்கு வேறு சைக்கிள். சக்கரங்களோ எண்ணி மாளாது. இவ்வளவையும் கவனிப்பவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய மெக்கானிக்குகள்தான்.

சைக்கிளுக்குக் குளியல்

அன்றைய ஓட்டம் முடிகிறது. வீரருக்குச் சாப்பாடு, உடம்பு பிடித்துவிட ஆள், பிறகு படுக்கை. மெக்கானிக்குக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது.

ஓட்டல் வாசலில் லாரியைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு முழுப் பட்டறையே இருக்கிறது! தண்ணீர்க் குழாயை இழுக்கிறார்கள். சைக்கிளை ஒரு தாங்கியில் மாட்டுகிறார்கள். முன் சக்கரம் இல்லாமல் அது தலையைக் குனிந்து நிற்கும்.

முதலில் செயின். அதில் அழுக்கு எண்ணெய் அப்பி இருக்கும். அதைக் கரைக்கும் திரவத்தைப் பூசிப் பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். பிறகு சோப்புத் தண்ணீர். சீட்டிலிருந்து கீழ்நோக்கித் தேய்த்து வரவேண்டும். தண்ணீரைப் பாய்ச்சுவதிலும் பக்குவம் உண்டு. பால்ரஸ் இருக்கும் இடத்தில் வேகமாகப் பாய்ச்சினால், உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். மறுநாள் சக்கரம் முனகும்!

குளிப்பாட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. அழுக்கு போனால்தான் விரிசல் தெரியும். துடைக்கும் துணிதான் மெக்கானிக்குக்கு இரண்டாவது கண். எங்காவது மயிரிழை விரிசல் இருந்தால் துணி அங்கே சிக்கும்.

துடைத்த பிறகு சோதனை. செயின் நீண்டுவிட்டதா என்று அளந்து பார்க்கிறார்கள். நீண்ட செயின் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். டயரை விரலால் தடவி, கண்ணாடித் துண்டு ஏறியிருக்கிறதா என்று தேடுகிறார்கள். கியர் இப்போது மின்சாரத்தால் மாறுகிறது. ஆகவே அதன் பாட்டரிக்கும் மின்சாரம் ஏற்ற வேண்டும். அதை மறந்தால் நடுமலையில் கியர் மாறாது.

திருகாணி முறுக்குவதற்குக்கூட ஒரு கணக்கு இருக்கிறது. இந்த சைக்கிள்கள் இரும்பு அல்ல. கார்பன் நாரால் செய்தவை. தளர்ந்தால் ஹேண்டில்பார் திரும்பிவிடும். அதிகம் இறுக்கினால் நொறுங்கிவிடும். எவ்வளவு முறுக்கு என்று காட்டும் ஸ்பானரை வைத்துத்தான் இறுக்குகிறார்கள்.

எடைக்கும் சட்டம் உண்டு. 6.8 கிலோவுக்குக் குறைந்தால் அந்த சைக்கிள் பந்தயத்தில் ஓடக்கூடாது. 2000-ம் ஆண்டிலிருந்து இதுதான் விதி.

பொருந்தாத சைக்கிள்

சீட் எவ்வளவு உயரம், ஹேண்டில்பார் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு வீரருக்கும் அளவு எழுதி வைத்திருக்கிறார்கள். மில்லி மீட்டர் கணக்கு! எட்டி மெர்க்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு மாவீரர் இதில் பெரிய பிடிவாதக்காரர். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடும்போதே சீட்டை ஏற்றி இறக்குவார். அவருடைய மெக்கானிக்காக இருந்தவர்கள் பொறுமைசாலிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்!

அளவு தவறினால் என்ன ஆகும்? 2016 ஜூலை 14-ந் தேதி உலகம் பார்த்தது.

வான்டு மலை. இரு பக்கமும் கூட்டம். முன்னால் போன மோட்டார் சைக்கிள் திடீர் என்று நின்றது. முன்னணியில் இருந்த பிரிட்டிஷ் வீரர் புரூம் அதன் பக்கத்தில் விழுந்தார். அவர் சைக்கிள் உடைந்தது. கோஷ்டியின் கார் கூட்டத்துக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. புரூம் என்ன செய்தார், தெரியுமா? சைக்கிள் இல்லாமலே மலை மீது ஓடினார்!

எல்லாக் கோஷ்டிக்கும் பொதுவான உதவிக் காரிலிருந்து ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். அது அவருக்குப் பொருந்தவில்லை. காலும் பெடலில் நிற்கவில்லை. தன் கோஷ்டியின் கார் வந்து, தன் அளவு சைக்கிள் கிடைத்த பிறகுதான் அவரால் ஓட்ட முடிந்தது.

அதனால்தான் ஒவ்வொரு கோஷ்டியின் காரிலும் ஒரு மெக்கானிக் பின்சீட்டில் இருக்கிறார். கார் மேல் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. எட்டி எடுக்க வசதியான ஓரத்தில் தலைவரின் சைக்கிளை வைக்கிறார்கள்.

39 விநாடி

2010-ம் ஆண்டு டூர் டி பிரான்ஸ். ஆன்டி ஷ்லெக் என்பவர் முதல் இடத்தில் இருந்தார். மலை ஏறும்போது வேகம் எடுத்தார். செயின் கழன்றுவிட்டது!

இறங்கினார். மாட்டினார். அதற்குள் எதிரி கொன்டடோர் பறந்துவிட்டார். அன்று ஷ்லெக் இழந்த நேரம் 39 விநாடி. பாரிசில் பந்தயம் முடிந்தபோது அவர் தோற்றதும் அதே 39 விநாடியில்தான்!

(பிறகு மருந்து சாப்பிட்ட விவகாரத்தில் கொன்டடோர் பட்டத்தை இழந்தார். 2012-ல் ஷ்லெக்குக்கு அது வந்து சேர்ந்தது. அது வேறு கதை.)

அந்த செயின் கழன்றது யார் குற்றம்? சொல்ல முடியாது. அழுத்தி மிதிக்கும் நேரத்தில் கியர் மாற்றினால், எவ்வளவு நல்ல செயினும் கழலும். ஆனால் அன்று இரவு எந்த மெக்கானிக்குக்குத் தூக்கம் வந்திருக்கும்?

கொல்லன் பட்டறை

ஒரு காலத்தில் மெக்கானிக் உதவுவதே குற்றமாக இருந்தது. 1913-ல் கிறிஸ்டோப் என்ற பிரெஞ்சு வீரர் பிரனீஸ் மலையில் இறங்கி வந்துகொண்டிருந்தார். முன் போர்க் உடைந்தது. யாரும் உதவக்கூடாது என்பது சட்டம். சைக்கிளைத் தோளில் சுமந்து 10 கிலோ மீட்டருக்கு மேல் நடந்தார். கீழே ஒரு கிராமத்தில் கொல்லன் பட்டறை இருந்தது. கொல்லர் பக்கத்தில் நின்றார். ஆனால் கை வைக்கவில்லை. கிறிஸ்டோப்பே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பற்ற வைத்தார். பந்தய அதிகாரிகள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சிறுவன் துருத்தி ஊதிக் கொடுத்தான். அது உதவி என்று சொல்லி, வீரர் கணக்கில் கூடுதல் நிமிடங்களை ஏற்றிவிட்டார்கள்!

அந்தக் கொடுமை இன்று இல்லை. இன்னொன்றும் இல்லை. பந்தய சைக்கிள் கெட்டால், சாலை ஓரத்தில் உட்கார்ந்து ரிப்பேர் செய்வது இப்போது நடக்காத காரியம். டிஸ்க் பிரேக் 2018 முதல் முழுமையாக வந்துவிட்டது. முன்பு சக்கரத்தைச் சட்டென்று கழற்றி மாட்டுவார்கள். இப்போது அச்சைத் திருகி எடுத்து, தட்டைப் பிரேக்குக்குள் நேராகப் புகுத்த வேண்டும். ஆகவே பல நேரம் சைக்கிளையே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ரிப்பேர் முழுவதும் இரவுக்குப் போய்விட்டது.

பழி யார் மேல்?

புதிய தகராறு டயரைப் பற்றியது. நம் சைக்கிளில் டயருக்குள் டியூப் இருக்கிறது. பந்தய சைக்கிளில் இப்போது பெரும்பாலும் டியூப் இல்லை. டயருக்குள் பால் போன்ற பசையை ஊற்றுகிறார்கள். சிறு ஓட்டை விழுந்தால் அது அடைத்துக்கொள்ளும். இது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் சில ரிம்களில் டயரைக் கவ்விப் பிடிக்கும் மடிப்பும் இல்லை. அப்படிப்பட்ட ரிம்மில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 72 பவுண்டுக்கு மேல் காற்று அடிக்கக்கூடாது. 2024 பிப்ரவரியில் அரபு நாட்டுப் பந்தயத்தில் டி கென்ட் என்ற வீரர் விழுந்தார். டயர் ரிம்மை விட்டுக் கழன்று கிடந்தது. மடிப்பு இல்லாததுதான் காரணம் என்றது ஒரு கட்சி. கல்லில் இடித்ததுதான் காரணம் என்றது மறு கட்சி. இப்படிப்பட்ட ரிம்மே வேண்டாம் என்று வீரர்கள் சங்கம் குரல் கொடுத்தது.

எந்த ரிம், எந்த டயர் என்று முடிவு செய்வது மெக்கானிக் அல்ல. பணம் கொடுக்கும் கம்பெனியின் சாமானைத்தான் கோஷ்டி பயன்படுத்த வேண்டும். வந்ததை மாட்டுவது மெக்கானிக் வேலை. டயர் கழன்றாலோ, "காற்று எவ்வளவு அடித்தாய்?" என்ற கேள்வி முதலில் அவரிடம்தான் வருகிறது. இது நியாயமா? சக்கரங்களுக்கு விதி வகுப்பவர்கள் வீரர்களையும் கம்பெனிகளையும் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். தினமும் அதை மாட்டிக் கழற்றுகிறவர்களையும் கூப்பிட்டுக் கேட்டால் என்ன?

காலையில் கடைசி வேலை காற்று அடிப்பதுதான். கனமான வீரருக்குக் கொஞ்சம் கூட. மெலிந்தவருக்குக் குறைவு. எல்லாம் அடித்து முடித்து, மானியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, மெக்கானிக் வானத்தைப் பார்க்கிறார். தூறல் விழுந்தால் எல்லா டயரிலும் மறுபடி காற்றைக் குறைக்க வேண்டும்.