பைக் சீட்டுக்கடியில் எலி பேஸ்ட் வைக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

மழைக்காலம் வந்தா வருஷா வருஷம் நடக்கிற கதைதான். பைக்கை ரெண்டு மூணு வாரம் எடுக்காம, கவர் போட்டு போர்டிகோவுல நிறுத்தியிருப்பீங்க. மழை விட்டதும் சாவியைப் போட்டா இண்டிகேட்டர் எரியாது, செல்ஃப் எடுக்காது. சீட்டைக் கழற்றிப் பார்த்தா வயரெல்லாம் கொறித்துப் போட்டு, ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குள்ள கந்தல் துணியும் தேங்காய் நாரும் சேர்த்து ஒரு எலிக் குடும்பம் குடித்தனம் நடத்தியிருக்கும்.

கோபம் வரத்தான் செய்யும். போன மழைக்கு என் வண்டிக்கும் இதே கதி. பழைய கார்புரேட்டர் வண்டின்னா ரெண்டு வயரை முறுக்கி டேப் சுத்தி ஓட்டிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் இன்ஜெக்‌ஷன், சென்சார், அதுக்கொரு கம்ப்யூட்டர். ஒரு மெல்லிசு வயர் அறுந்தாலே வண்டி படுத்துடும். மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கே பிரஷர் ஏறிடுச்சு.

ஆனா இந்தப் பதிவு எலி மேல இருக்கிற கோபத்துல எழுதினதில்ல. அந்த மெக்கானிக் அடுத்து சொன்ன வார்த்தைக்காக எழுதறேன். "சார், பெட்டிக்கடையில எலி பேஸ்ட் ஒரு டியூப் வாங்கி, தக்காளித் துண்டுல தடவி சீட்டுக்கடியில வைங்க. ஒரே ராத்திரில சோலி முடிஞ்சிடும்."

அவர் நல்ல மனுஷர். அக்கறையாத்தான் சொன்னார். அதான் எனக்குப் பயமே.

அந்த பேஸ்ட்டுல இருக்கிறது மஞ்சள் பாஸ்பரஸ், 3 சதவீதம். தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சரக்கு. இன்னமும் ஊதுபத்தி, ஷாம்பு பாக்கெட்டோட சேர்த்துத் தொங்கவிட்டு விக்கிறாங்க. கேட்டா "எலிக்குத்தானே" என்பார்கள். ஒரு கைக்குழந்தையின் கல்லீரலைக் கவிழ்க்க இதுல பட்டாணி அளவு போதும். இதுக்கென்று மாற்று மருந்து கிடையாது. நல்லாப் படிங்க: கிடையாது.

இந்த விஷத்தோட வஞ்சகம் என்னன்னா, அது நம்ம எல்லாரையும் ஏமாத்தும். முதல் நாள் வாந்தி, வயித்துவலி. அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் ஒண்ணுமே இருக்காது. ஆள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார், சிரிப்பார், வீட்டுக்குப் போகணும்னு அடம் பிடிப்பார். அதற்குப் பிறகுதான் கண் மஞ்சளாகும், ரத்தம் உறையாது, நினைவு தடுமாறும்.

நான் பார்த்த ஒரு பையன். கல்லூரியில் முதல் வருஷம். அரியர் விழுந்ததுக்கு அப்பா திட்டியிருக்கார், அவ்வளவுதான் சண்டை. அப்பா பைக்குக்காக வாங்கின டியூப் ஹெல்மெட் பக்கத்துல ஷெல்ஃபுல இருந்திருக்கு. சாகணும்கிற உறுதியெல்லாம் அவனுக்கு இல்லை. அடுத்த நாளே "சார், தப்புப் பண்ணிட்டேன், செமஸ்டர் எழுதணும்" என்று சொன்னான். மூணாவது நாள் "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டுக்காரங்க டிஸ்சார்ஜ் கேட்டாங்க. கெஞ்சி உட்கார வைத்தோம். ஆறாவது நாள் போயிட்டான். அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒண்ணுதான்: "எலிக்குத்தானே சார் வாங்கினோம்?"

"எங்க வீட்ல எல்லாரும் தைரியசாலிங்க, நாங்க பத்திரமா வைப்போம்" என்று கமெண்ட் போட வருவீங்க. அந்த வீட்டிலும் அப்படித்தான் நினைச்சாங்க. பத்து நிமிஷக் கோபம் எல்லா வீட்டுக்கும் வரும். அந்தப் பத்து நிமிஷத்தில் கைக்கெட்டுற தூரத்துல என்ன இருக்கு என்பதுதான் கேள்வி. குழந்தை இருக்கிற வீட்டில் தக்காளித் துண்டைச் சீட்டுக்கடியில் வைப்பதைப் பற்றி நான் தனியாச் சொல்லணுமா? எலி அதை அங்கேயே தின்னும் என்று யார் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது? வாயில் கவ்விக்கிட்டுப் போய் ஹாலில் போடும்.

சரி, பைக்கை எப்படிக் காப்பாத்துறது? எலிக்கு வேண்டியது இருட்டு, கதகதப்பு, தொந்தரவில்லாத இடம். தரை வரை கவர் போட்டு மாசக்கணக்கா நிறுத்தின வண்டி அதுக்குக் கட்டின வீடு. கவரைத் தரையைத் தொடாம மடிச்சுக் கட்டுங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணி இடம் மாத்தி நிறுத்துங்க. பக்கத்தில் நாய்ச் சோறு, அரிசி மூட்டை, குப்பைப் பை இருக்கக் கூடாது. ஏர் ஃபில்டருக்குக் காத்து போற வாயில் இரும்பு வலை வைக்கச் சொல்லுங்க. வயரில் சுற்ற மிளகாயின் காரச்சத்து தடவிய டேப்பே இருக்கு, ஹோண்டா கம்பெனி விக்குது. எலியைப் பிடிக்க நம்ம பழைய மரப்பொறி, கூண்டு போதும்.

அந்துருண்டை போடச் சொல்லும் யூடியூப் வீடியோக்களையும் நம்பாதீங்க. குழந்தை அதை மிட்டாய்னு வாயில போட்டு ரத்த அணுக்கள் உடைஞ்சு வந்ததையும் பார்த்திருக்கேன். எலிக் கூட்டை வெறும் கையால அள்ளாதீங்க, அதன் சிறுநீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கும். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளிச்சு நனைச்சு எடுங்க. பெட்ரோல் ஓஸைக் கடிச்சிருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் சாவியைப் போடுங்க.

யாராவது எலி மருந்து சாப்பிட்டது தெரிஞ்சா, பால், எண்ணெய், முட்டை எதையும் ஊத்தாதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. எண்ணெயும் கொழுப்பும் பாஸ்பரஸை உடம்பு வேகமா உறிஞ்ச வைக்கும். டியூப்பையும் எடுத்துக்கிட்டு 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. கேக் வகை எலி மருந்துன்னா விட்டமின் கே இருக்கு, அதனால எந்த வகைன்னு தெரியறது முக்கியம். நல்லா இருக்கார்னு மூணாவது நாள் கூட்டிட்டுப் போகாதீங்க.

மனசு சரியில்லாம இதைப் படிக்கிறவங்க இருந்தா 104 அல்லது 14416-க்குக் கூப்பிடுங்க. ராத்திரி எந்நேரமானாலும் பேசுவாங்க.

மத்தவங்க இப்பவே எழுந்து பரண், டூல்ஸ் பாக்ஸ், ஹெல்மெட் ஷெல்ஃப் மூணையும் பாருங்க. டியூப் இருந்தா பிதுக்காதீங்க, மூடி போட்ட டப்பாவில் போட்டு, என்னன்னு சொல்லி தூய்மைப் பணியாளரிடம் தனியாக் கொடுங்க. உங்க மெக்கானிக்குக்கும் இந்தப் பதிவை அனுப்புங்க. என் மெக்கானிக்குக்கு அனுப்பிட்டேன்.