பூர்வீகம் இருக்கட்டும், தண்ணி ஆருக்கு?

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறினால், பரந்தன் தாண்ட முதலே பக்கத்துச் சீற்றில் இருக்கிறவர் கேட்டுவிடுவார்: "எந்த இடம் தம்பி?" கிளிநொச்சி என்று சொன்னால் விடமாட்டார். "அது சரி, சொந்த இடம்?" அதுக்கும் கிளிநொச்சி என்றால், "அப்பாட ஊர் எது?" மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க ஆனையிறவு வந்துவிடும்.

எங்கள் குழுவில் இந்தக் கேள்வியைச் சந்திக்காத ஆள் இல்லை. ஆனால் அது எல்லாருக்கும் ஒரே மாதிரி முடிவதில்லை. எங்களில் ஒருவரின் தாத்தா வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்தவர். அவர் "கரவெட்டி" என்றதும் கேட்டவரின் முகம் மலரும். ஆற்ற பேரன், எந்தப் பக்கம் என்று விசாரணை நீளும். இன்னொருவரின் அம்மாச்சி 1977 கலவரத்தில் எல்லாம் எரிந்தபிறகு மலையகத் தோட்டமொன்றிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். அவர் அதைச் சொன்னால் "ஓ... சரி சரி" என்பதோடு கதை நின்றுவிடும். கேட்டவர் யன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

ஊர் கேட்பது அன்பால்தான் என்று பெரியாக்கள் சொல்வார்கள். நாங்கள் அதை நம்பவில்லை. எங்கட சமூகத்தில் ஊர் கேட்பது பாதி நேரம் சாதி கேட்பதுதான். மிச்சப் பாதி, "நீ இந்த மண்ணுக்கு எவ்வளவு உரித்துள்ளவன்" என்று அளப்பது. இந்தக் கேள்வி கேட்கப்படுகிற பாதையில் ஆனையிறவு இருக்கிறதுதான் பகிடி. ஏனென்றால் இந்த இடத்தின் பெயரே ஒரு பயணத்தின் பெயர். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த இந்த நீரேரிக்குள் இறக்கி, குடாநாட்டுக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். வன்னியர்கள் திறையாகக் கொடுத்ததும் யானை. ஒல்லாந்தர் ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி விற்றதும் யானை. ஆகவே இங்கே எவருமே நிலைத்து நின்று "இது என்ர" என்று சொன்னதாலே பெயர் வரவில்லை. கடந்து போனதால் வந்தது.

எங்கட பெற்றோரின் கடப்பு வேறு மாதிரி. 1990க்குப் பிறகு ஆனையிறவு சனத்துக்கு மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் போகவேணும் என்றால் கிளாலியில் இரவில் வள்ளம் ஏறவேணும். 1993 இல் அந்த நீரில் கடற்படையின் தாக்குதலில் செத்த பயணிகளுக்கு ஒரு கல்லறை வரிசைகூட இல்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது, பிறகு 1996 இல் தென்மராட்சியிலிருந்தும் சனம் இதே நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தது. அப்போது வன்னிச் சனம் "உங்கட சொந்த இடம் எது" என்று கேட்டுவிட்டா படலையைத் திறந்தது? மாமரத்துக்குக் கீழே கொட்டில் போட இடம் கொடுத்தது, கிணற்றில் அள்ளிக் குளிக்க விட்டது. அந்த வருசங்களில் பிறந்தவர்கள் எங்களில் பலர். எங்கட பிறப்புச் சான்றிதழில் இருக்கிற ஊரும் அம்மாவின் ஊரும் வேறு வேறு.

இப்போது ஆனையிறவில் பஸ் போகும்போது பாருங்கள். ஒரு பக்கம் 1991 சண்டையில் பாவித்த கவசமிட்ட புல்டோசரை வைத்து, அதிலேறிச் செத்த சிப்பாய்க்கு நினைவிடம். கொஞ்சம் தள்ளி, கைகள் இலங்கை வரைபடத்தைத் தூக்கிப் பிடிக்கிற வெற்றிச் சின்னம். அதை 2010 இல் திறந்தார்கள். 2000 ஏப்ரலில் புலிகள் இந்தத் தளத்தைப் பிடித்ததும், 2009 ஜனவரியில் இராணுவம் திரும்பப் பிடித்ததும் இரண்டு தரப்புக்கும் வரலாறு. ஆனால் கல்லிலே நிற்பது ஒரு தரப்பு மட்டும். தெற்கிலிருந்து வருகிற சுற்றுலா பஸ்கள் அங்கே நின்று படமெடுத்துக்கொண்டு போகின்றன. தங்கட பிள்ளை எங்கே என்று 2009 இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார் அதே பாதையால்தான் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய் வருகிறார்கள். வெற்றியை இப்படிப் பாதையோரம் நிறுத்தி வைப்பது அவர்களைத் திரும்பத் திரும்ப அடிக்கிற வேலை. அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

ஆனால் நாங்கள் அதுக்கு என்ன பதில் செய்தோம்? 2023 இல் கரைச்சிப் பிரதேச சபை ஆனையிறவில் உயரமான நடராஜர் சிலை ஒன்றை நிறுவியது. சிலைக்குச் சிலை. 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டு, உப்புக்கு "ரஜ லுணு" என்று சிங்களப் பெயர் வைத்தபோது எல்லாரும் கொதித்தார்கள். கொதித்தது நியாயம். எங்கட நீரேரியில் விளைகிற உப்புக்கு எங்கட பெயர் இருக்கவேணும். சத்தம் போட்டதால் "ஆனையிறவு உப்பு" என்று மாற்றுவோம் என்ற அறிவிப்பும் வந்தது. அதே வருசம் மே மாதம் உப்பளத் தொழிலாளர்கள் தங்கட வேலை, உரிமை பற்றிய கோரிக்கைகளோடு போராட்டத்தில் இருந்தார்கள். பைக்கற்றில் இருந்த பெயருக்கு வந்த சத்தத்தில் கால்வாசியாவது, வெயிலில் உப்பு வாருகிற கைகளுக்கு வந்ததா? முகநூலில் பெயருக்காக எழுதினவர்களில் எத்தனை பேர் அந்த வாசலுக்குப் போனார்கள்? நாங்களும்தான் போகவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

அடையாளத்துக்காகச் சண்டை பிடிப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. பங்கிடுவது என்று வந்தால் வாய் மூடிவிடுகிறது. தண்ணியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்குகிற மழைத்தண்ணிதான் கிணற்றில் வருவது. அதுக்குக் கீழே உப்புத்தண்ணி. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். தோட்டத்து உரமும் மலக்குழியும் நைத்திரேற்றாக இறங்குகின்றன. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அதனால் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகத் திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் மறித்தார்கள். காலபோகத்தைச் சமாளித்தாலும், சிறுபோகத்தில் குளத்தில் இருக்கிற தண்ணியைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பது. அதிலும் ஒரு பங்கு போனால் என்ன மிச்சம் என்பது அவர்களின் பயம். அது பொய்ப்பயம் இல்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை கட்டி, 2024 ஓகஸ்ட்டில் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கன மீற்றர். அந்தக் கடலில் தொழில் செய்கிற சனம் கழிவு உப்புநீரைப் பற்றிக் கவலைப்பட்டதை ஆரும் பெரிசாக எடுக்கவில்லை.

அந்த இழுபறிக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் திடீரென்று "நாங்கள் எல்லாரும் ஒரே சனம்தானே, தண்ணி தரக்கூடாதா" என்ற கதை கேட்டது. பஸ்ஸில் பூர்வீகம் கேட்கிறவர்களுக்குத் தண்ணிக்குழாயடியில் மட்டும் நாங்கள் ஒரே சனமாகிவிட்டோம்!

கிளிநொச்சிப் பக்கமும் சுத்தம் இல்லை. "எங்கட குளம்" என்று சொன்னபோது அந்த "எங்கட"வுக்குள் ஆர் இருந்தார்கள்? பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஐம்பது வருசமாக இருக்கின்றன. 1948 இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், 1977 இல் அடித்துத் துரத்தினார்கள். வன்னியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். குளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் அவர்களில் பலருக்குக் கிடைத்தது வாய்க்கால் ஏறாத மேட்டுக்காணி. அதுக்கும் பலரிடம் ஒழுங்கான பத்திரம் இல்லை. வயல் ஒருவர் பெயரில், அந்த ஆள் யாழ்ப்பாணத்தில் அல்லது கனடாவில். நாற்று நட்டதும் களை பிடுங்கினதும் இவர்கள். தண்ணியைப் பங்கிடுகிற கூட்டத்தில் வயல்காரருக்குத்தான் கதிரை. கூலிக்கு வந்தவருக்கு வாய் இல்லை.

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் தொடங்கி, இரணைமடுவில் தேங்கி, மிச்சம் ஆனையிறவு நீரேரியில் விழுகிறது. மாரியில் குளம் நிரம்பி வான்கதவு திறந்தால் அவ்வளவும் உப்பில்தான் கலக்கும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி மூழ்கியபோது அந்தத் தண்ணி எவ்வளவு என்று கண்ணால் கண்டோம். அதை வீணாக்காமல் குடாநாட்டுக்குக் கொண்டுபோக 1950களிலேயே பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் திட்டம் போட்டார். சுண்டிக்குளத்தில் கடலை மறித்து நீரேரியின் கிழக்குப் பக்கத்தை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்கு விடுவது. துண்டு துண்டாக வேலை நடந்தது. முழுச் சங்கிலியாக இன்றுவரை அது இயங்கவில்லை. அதை அப்படியே கட்டுங்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. நீரேரி நன்னீரானால் இறால் பிடிக்கிறவரின் தொழில் என்னவாகும், சுண்டிக்குளத்துக்கு வருகிற பறவைகள் என்னவாகும், உப்பளத்துக்கு என்ன நடக்கும் என்ற கேள்விகள் உண்மையானவை. ஆனால் அந்தக் கேள்விகளை ஒரே மேசையில் வைத்துக் கதைக்க எழுபது வருசமாக எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. சிலைக்கும் பெயருக்கும் கிடைத்தது.

எங்கட நிலைப்பாட்டைப் பச்சையாகச் சொல்கிறோம். நிலத்துக்கு உரிமை கொப்பாட்டனால் மட்டும் வருவதில்லை. உழைத்தவருக்கும், உயிருக்கு ஓடி வந்து தங்கினவருக்கும் அது உண்டு. இல்லாவிட்டால், "நாங்கள் உங்களுக்கு முதலே வந்தோம்" என்று கொழும்பிலிருந்து வருகிற பிக்குவுக்கும் தொல்லியல் திணைக்களத்துக்கும் நாங்கள் என்ன மறுமொழி சொல்லப்போகிறோம்? அவர்களின் அளவுகோலையே எங்கட ஆக்களுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. மேட்டுக்காணிக் குடும்பங்களுக்குப் பத்திரம் வேணும். தண்ணியைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டத்தில் வயல்காரரோடு கூலித் தொழிலாளிக்கும் கடற்றொழிலாளிக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் கதிரை வேணும். யாழ்ப்பாணம் முதலில் தன்ர மழையையும் குளங்களையும் காப்பாற்றிக் காட்டவேணும். பிறகு ஆற்றைக் கேட்கட்டும். கேட்டால், மிச்சம் இருந்தால், கிளிநொச்சி கொடுக்கவேணும். கிளாலியைக் கடந்து வந்தவர்களுக்குக் கிணறு திறந்து கொடுத்த சனம்தானே.

அடுத்த முறை பஸ்ஸில் ஆரும் சொந்த இடம் கேட்டால், நாங்கள் கோபப்படப் போவதில்லை. சொல்லிவிட்டு, திருப்பிக் கேட்பதாக முடிவெடுத்திருக்கிறோம்: "அது இருக்கட்டும் ஐயா, உங்கட வீட்டுக் கிணற்றில தண்ணி எப்பிடி?" ஆனையிறவைத் தாண்டி இயக்கச்சி, பளை, முகமாலை, கொடிகாமம் மட்டும் கதைக்க நேரம் இருக்கு.