சாட்சியேடு எவர் கையில்?

வகுப்பில் ஐந்து மாணாக்கரைக் கூட்டி ஒரு கட்டுரை எழுதுமாறு பணித்தால் நடப்பதென்ன? ஒருவர் எழுதுவார், மற்றை நால்வரும் பெயரைச் சேர்ப்பர். புள்ளியோ ஐவருக்கும் ஒன்றே. உழுதவன் ஒருவன் இருக்க, சூட்டுக்களத்தில் நெல்லை அளந்து செல்பவன் வேறொருவன் என்னும் அநீதியைக் கமக்காரருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இவ்வநீதிக்கு இன்று மருந்துண்டு. பலர் ஒரே ஏட்டில் ஒருங்கே எழுத உதவும் இணையக் கருவிகள் வந்துள்ளன. 2006 இல் வெளிவந்த கூகிள் டொக்ஸ், எவர் எதனை எப்போது சேர்த்தார், எதனை நீக்கினார் என்னும் வரலாற்றைக் காத்துவைக்கும். 2008 இல் வந்த ஈதர்பாட், ஒவ்வொருவர் எழுத்தையும் தனித்தனி நிறத்தாற் காட்டும். வாய் திறவாத பிள்ளையின் உழைப்புக்கு இவையே சாட்சி. சாட்சியை ஆராயாது தீர்ப்பளித்தலாகாது என்னும் விதி நீதிமன்றத்துக்கு மட்டுமா உரியது?

ஆனால், அந்தச் சாட்சியேடு எவர் கையில் இருக்கிறது? பிள்ளை எழுதியதும் அழித்ததும் கடல் கடந்த கம்பனியொன்றின் களஞ்சியத்திற் சேர்கின்றன. 2022 ஜூலையில் டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள், ஹெல்சிங்கோர் நகரப் பாடசாலைகளிற் கூகிளின் கல்விச் சேவைகளுக்குத் தடை விதித்தனர். ஆபத்துக்களை நகரசபை முறையாக ஆராயவில்லை என்பதே காரணம். செப்டெம்பரில் அத்தடை இடைநிறுத்தப்பட்டது; எனினும் கேட்கவேண்டிய கேள்வியை அவர்கள் கேட்டனர். இலங்கையிலும் அதே 2022 இல் இயற்றப்பட்ட 9 ஆம் இலக்கச் சட்டம், சிறுவரின் தரவுகளை விசேட வகையாகவே கருதுகிறது. சட்டம் ஏட்டில் இருந்தாற் போதுமா?

எனவே நாம் கோருவன மூன்று. கணக்குத் திறக்குமாறு எப்பிள்ளையும் வற்புறுத்தப்படலாகாது. ஈதர்பாட்டின் மூலநிரல் 2009 டிசெம்பரிலேயே எவரும் எடுத்தாளத்தக்கதாக வெளியிடப்பட்டது; ஆதலால் பாடசாலையோ வலயக் கல்விப் பணிமனையோ அதனைத் தன் கணினியிலேயே நிறுவி, ஏட்டைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும். மூன்றாவதாக, கூட்டெழுத்து வேலை பாடசாலை நேரத்திற் பாடசாலைக் கணினியிலேயே நடைபெறட்டும். வீட்டிற் கணினியில்லாத குறைக்காகக் கமக்காரன் மகள் புள்ளி இழப்பாளாயின், பழைய அநீதி புதிய உடையில் வந்ததாகவே கொள்ளவேண்டும்.

கருவியை வெறுப்பது பேதைமை. ஆராயாது ஏற்பதும் பேதைமையே. பெற்றோரே, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே எழுந்து கேளுங்கள்: எங்கள் பிள்ளைகளின் ஏடு எங்கே இருக்கிறது?