நிலம் இல்லாத வீட்டிலிருந்து விவசாயம் படிக்கப் போகலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய பேச்சு இது.

"அக்ரி டிப்ளமா படிக்கிறேம்ப்பா. ரெண்டே வருஷம்தான்."

"நமக்குத்தான் சென்ட் நிலம்கூட இல்லையேம்மா. ஊர்ல இருந்ததை வித்துட்டுத்தானே இங்க வந்தோம்? அதைப் படிச்சு என்ன பண்ணப்போற?"

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருப்பார். இல்லையென்றால் ஆவடியில் ஆட்டோ ஓட்டுவார். பூர்வீகம் செய்யாறு பக்கமோ திண்டிவனம் பக்கமோ இருக்கும். 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கி தொழிற்சாலையும் அழைத்து வந்த தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். விவசாயம் வேண்டாம் என்றுதான் அந்தத் தலைமுறை ரயில் ஏறியது. இப்போது மகள் அதையே படிக்கிறேன் என்றால், அப்பாவுக்குத் திக்கென்று இருக்கத்தானே செய்யும்?

அவர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் விண்ணப்பம் போட வேண்டும்.

சைதாப்பேட்டையில் தொடங்கிய படிப்பு

விவசாயப் படிப்பு என்றாலே கோயம்புத்தூர் என்று நினைக்கிறோம். ஆனால், தமிழ்நாட்டில் அது தொடங்கியது சென்னையில். 1868-ல் சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906 வாக்கில் கோவைக்கு இடம் மாறியது. அதுவே 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது.

இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. ஆவடியில் திருவள்ளூர் லோக்கல் ரயில் ஏறினால், திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டி செவ்வாப்பேட்டை வரும். அதன் அருகே உள்ள திரூரில் இருக்கிறது நெல் ஆராய்ச்சி நிலையம். டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. தாத்தா காலத்தில் ஊரெல்லாம் நட்ட ஐ.ஆர்.20 ரகத்தை உருவாக்கியபோது, குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணம் வேண்டும் என்பதற்காகச் சேர்த்த பெற்றோர் ரகம் டி.கே.எம்.6. பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்கே விதை கொடுத்த ஊர், நம் லோக்கல் ரயில் பாதையில்தான் இருக்கிறது. 2015-ல் வெளிவந்த டி.கே.எம்.13 ரகமும் அங்கிருந்து வந்ததுதான்.

இந்த வேலைகளைச் செய்தவர்களுக்கெல்லாம் சொந்த நிலம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் படிப்பு நிலம் வைத்திருப்பவருக்கு மட்டுமானதில்லை. நிலம் வைத்திருப்பவருக்கு வேலை செய்துகொடுப்பவருக்கும் ஆனது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய முதல் பதில் இது.

எது டிப்ளமா, எது இல்லை?

வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கும் வேளாண்மை டிப்ளமா இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். தோட்டக்கலைக்கும் தனி டிப்ளமா உண்டு. திருச்சி மாவட்டம் குமுளூரில் பல்கலைக்கழகமே நடத்தும் நிறுவனம் இருக்கிறது. பல்கலைக்கழக இணைப்பு பெற்ற தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. தமிழ் வழியிலும் படிக்கலாம் என்பது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய தெம்பு. தோட்டக்கலை டிப்ளமா என்றால், வட சென்னை மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பயிற்சி நிலையத்திலும் ஒரு முறை நேரில் விசாரிப்பது நல்லது. அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

குழப்பம் வருவது பெயரில்தான். கடைத்தெருவில் 'அக்ரி டிப்ளமா' என்று ஒட்டியிருக்கும் எல்லா நோட்டீஸும் ஒன்றல்ல.

உரக்கடை வைத்திருப்பவர்களுக்கு 'டேசி' என்று ஒரு டிப்ளமா உண்டு. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனமான 'மேனேஜ்' வடிவமைத்தது. 48 வாரம் நடக்கும். அது கடைக்காரர்களுக்கானது. வேளாண் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியில் ஆறு மாதச் சான்றிதழ் படிப்புகளும் நடத்துகிறது. மாடித் தோட்டம் போடும் அம்மாவுக்கும், ரிட்டயர் ஆன மாமாவுக்கும் அருமையான படிப்பு. ஆனால், இந்த இரண்டும் இரண்டு வருட டிப்ளமாவுக்கு ஈடாகாது.

உண்மையான ஆபத்து மூன்றாவது வகையில் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணைப்பு இல்லாமல், பெயரில் மட்டும் 'வேளாண்மை' வைத்துக்கொண்டு ஃபீஸ் வாங்கும் இடங்கள். இரண்டு வருடம் படித்து முடித்து, அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் சான்றிதழ் செல்லாது என்று தெரியவரும். போன பணத்தைக்கூட எப்படியாவது சம்பாதித்துவிடலாம், பதினெட்டிலிருந்து இருபது வரையிலான இரண்டு வருடத்தை எங்கே போய் வாங்குவது?

அதனால் அட்வான்ஸ் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி: "எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு? அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்." காட்டினால் மட்டும் போதாது. அந்த நிறுவனத்தின் பெயர் பல்கலைக்கழகத்தின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று வீட்டிலேயே மொபைலில் பார்த்துவிட வேண்டும். 'பட்டியலில் அடுத்த வருஷம் வந்துடும்' என்று சொன்னால், அடுத்த வருஷமே வந்து சேர்வதாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

விண்ணப்பிக்கும் முன்

முதலில் பார்க்க வேண்டியது பிளஸ் டூ குரூப். அறிவியல் குரூப்போ, தொழிற்கல்வியில் வேளாண்மையோ படித்தவர்களுக்கு வழி சுலபம். காமர்ஸ் குரூப் படித்தவர்கள், அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் தகுதிப் பக்கத்தைப் படித்த பிறகே அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, மதிப்பெண் நன்றாக இருந்தால் டிப்ளமாவோடு நிற்காமல் நான்கு வருட பி.எஸ்சி. வேளாண்மைக்கும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் தரவரிசை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு 2021-ம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வேளாண் பட்டப்படிப்பிலும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 'நமக்கெல்லாம் டிகிரி கிடைக்காது' என்று ஆவடி அரசுப் பள்ளி மாணவி தானாகவே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது.

பிறகு செலவு. ஃபீஸை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் கணக்கு பாதியில் நிற்கும். விடுதி, மெஸ், வயல் வேலைக்கான உடை, ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு என எல்லாவற்றையும் இரண்டு வருடத்துக்கு எழுதிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், பையன்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வருடத்துக்கு 12,000 ரூபாய். மெஸ் செலவில் ஒரு பகுதியை இது தாங்கும். கல்லூரியில் சேர்ந்தவுடன் விண்ணப்பம் கொடுக்க மறக்கக் கூடாது.

இரண்டு வருடத்தை எப்படிப் போடுவது?

திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் நெல்லுக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. இரண்டு வருடம் என்றால் ஆறு பட்டம். படிப்பையும் அப்படியே கணக்குப் போடலாம்.

முதல் செமஸ்டரில் நகரத்துப் பிள்ளைக்கு உடம்புதான் முதலில் பழக வேண்டும். காலையிலேயே வயல், சேறு, வெயில். மண், உழவியல், பயிர் என்று அடிப்படைப் பாடங்கள் வரும்போது, ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையே என்று கூச்சம் வரும். நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாமல் பிடுங்கிவிட்டுத் திட்டு வாங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். பக்கத்தில் நிற்கும் ஊர்ப் பையனிடம் கேட்டுக் கற்றுக்கொள்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

இரண்டாவது செமஸ்டருக்குள் எந்தப் பக்கம் ஆர்வம் என்று பிடிபட்டுவிடும். பூச்சி, நோய் பக்கமா? விதையா? தோட்டக்கலையா? இயந்திரமா? லேத் பட்டறை வீட்டுப் பிள்ளைக்குப் பவர் டில்லரைப் பிரித்து மாட்டுவது பிடித்துப்போனால் ஆச்சரியமில்லை. அப்பாவின் தொழில் அங்கே கைகொடுக்கும்.

முதல் வருட லீவில் வீட்டில் படுத்துத் தூங்காமல் இரண்டு இடங்களுக்குப் போய் வரலாம். ஒன்று, திரூர் வேளாண் அறிவியல் நிலையம். விவசாயிகளுக்கு அங்கே பயிற்சிகள் நடக்கும். அவர்கள் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று ஓரமாக உட்கார்ந்து கவனித்தாலே பாதிப் பாடம் புரியும். இன்னொன்று கோயம்பேடு மார்க்கெட். விடியும் முன்னே பூந்தமல்லி பஸ் ஏறிப் போய், தக்காளி எந்த ஊரிலிருந்து வருகிறது, எப்படி மூட்டை பிரிக்கிறார்கள், எது கழிவாகப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வரலாம். விளைந்த பிறகு என்ன ஆகிறது என்பதை மேற்குச் சென்னைப் பிள்ளை நேரில் பார்த்திருக்கும், டெல்டா பிள்ளை பாடத்தில்தான் படித்திருக்கும். வகுப்பில் உங்கள் பலம் அதுதான்.

இரண்டாம் வருடம் முடிவெடுக்கும் வருடம். மூன்றாவது செமஸ்டரிலேயே அரசுத் தேர்வா, கம்பெனியா, கடையா, மேற்படிப்பா என்று ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டால், நான்காவது செமஸ்டர் பதற்றமில்லாமல் போகும்.

முடித்த பிறகு?

அரசு வேலை என்றால், உதவி வேளாண்மை அலுவலர் பதவிக்கு பிளஸ் டூ-வுடன் இரண்டு வருட வேளாண்மை டிப்ளமாதான் தகுதி. உதவித் தோட்டக்கலை அலுவலருக்குத் தோட்டக்கலை டிப்ளமா. கிராமம் கிராமமாகப் போய் விவசாயியை நேரில் சந்திக்கும் வேலை. வேளாண்மை அலுவலர் பதவிக்கு பி.எஸ்சி. வேண்டும், டிப்ளமா போதாது. இந்த அரசுத் தேர்வுகள் வருடம் தவறாமல் வருவதில்லை. அதனால் இதை மட்டும் நம்பி வீட்டில் காத்திருக்கக் கூடாது.

விதை, உரம், சொட்டுநீர், டிராக்டர் கம்பெனிகளில் களப் பணியாளர் வேலை உண்டு. நர்சரிகளிலும் பசுமைக்குடில் பண்ணைகளிலும் மேற்பார்வையாளர் வேலை உண்டு. உரம், பூச்சிமருந்து விற்பனைக்குப் படிப்புத் தகுதி கேட்கப்படுகிறது. அந்த லைசென்ஸுக்கும் இந்த டிப்ளமா உதவும்.

சொந்தத் தொழில் என்றால், 2002-ல் தொடங்கிய வேளாண் மருத்துவ மையம், வேளாண் தொழில் மையத் திட்டம் இருக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி. அதன் பிறகு வங்கிக் கடனோடு பொதுப் பிரிவினருக்கு 36 சதவிகிதம், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 44 சதவிகிதம் மானியம். 5 லட்சம் ரூபாயில் ஒரு பெண் மண் பரிசோதனை மையமோ நர்சரியோ தொடங்கினால், 2,20,000 ரூபாய் மானியக் கணக்கில் வரும். ஆனால், இந்தத் திட்டத்துக்கு டிப்ளமாவில் குறைந்தது 50 சதவிகித மதிப்பெண் வேண்டும். 'பாஸானால் போதும்' என்று படிப்பவர்கள் முதல் செமஸ்டரிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது.

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. பக்கத்து வீட்டுப் பையனின் ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனசு சோர்ந்துவிடும். போஸ்டிங் தேனியிலோ தர்மபுரியிலோ இருக்கலாம், சென்னையில் இருக்க வாய்ப்பு குறைவு. இந்த இரண்டையும் சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

அப்பாவின் கேள்வி

நிலத்தைப் பற்றிக் கேட்கும் அப்பாக்களில் பலர் உண்மையில் கேட்பது நிலத்தைப் பற்றி அல்ல. மழை பொய்த்த வருடம், அடகு வைத்த நகை, விற்ற மாடு எல்லாம் அவர்கள் கண்ணில் நிற்கிறது. 'என் பிள்ளையும் அதையே பட வேண்டுமா?' என்பதுதான் கேள்வி. அதைச் சத்தமாகக் கேட்கத் தெரியாமல், 'நிலம் எங்கே?' என்கிறார்கள்.

அந்தப் பயத்துக்குப் பதில் வாக்குவாதத்தில் கிடைக்காது. ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் காட்டலாம். எந்த நிறுவனம், யார் இணைப்பு. இரண்டு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு. முடித்ததும் முதலில் எதற்கு முயற்சி. அது கிடைக்காவிட்டால் அடுத்து என்ன. நான்காவது வரியை நிரப்ப முடிந்தால், திட்டம் தயார் என்று அர்த்தம்.

தாளை வாங்கிப் பார்க்கும் அப்பா உடனே 'சரி' என்று சொல்லிவிட மாட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படிப்பார். பிறகு, "குமுளூர்னா லால்குடி பக்கமா? அங்க பொம்பளப் புள்ளைங்களுக்குத் தனி ஹாஸ்டல் இருக்காம்மா?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வி வந்துவிட்டால், சாதிச் சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் ஸ்கேன் செய்ய ஆரம்பிக்கலாம்.