மலப்புரம்: காணொளிகள் தீட்டும் ஒரு மாவட்டத்தின் முகம்

2020 மே 27 அன்று, கேரளத்தின் வெள்ளியாற்றில் இறங்கி நின்ற கருவுற்ற காட்டு யானை ஒன்று அங்கேயே உயிரிழந்தது. காட்டுப்பன்றிகளைக் கொல்ல வெடி வைக்கப்பட்டிருந்த இரையைக் கடித்ததில் அதன் வாய் சிதைந்திருந்தது. தண்ணீருக்குள் அசையாமல் அது நின்ற காட்சி சில நாட்களில் நாடெங்கும் பரவியது. கலங்காத நெஞ்சம் இல்லை.

யானை இறந்தது பாலக்காடு மாவட்டத்தின் மண்ணார்க்காடு வனக்கோட்டத்தில். ஆனால் நாடு முழுவதும் பேசப்பட்ட பெயரோ மலப்புரம். அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரின் ட்விட்டர் பதிவிலும் மலப்புரம் என்றே இருந்தது. மேனகா காந்தி ஒரு படி மேலே சென்று, நாட்டிலேயே வன்முறை மிகுந்த மாவட்டம் அதுதான் என்ற பொருளில் ஊடகத்திடம் பேசினார். அதற்காக அவர் மீது கேரளக் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. இடம் தவறு என்பது விரைவிலேயே தெளிவாகிவிட்டது. ஆனால், திருத்தம் போய்ச் சேர்ந்த வீடுகளை விட அவதூறு போய்ச் சேர்ந்த வீடுகளே அதிகம்.

பெயர் ஏன் மாறியது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலப்புரம் மாவட்டத்தில் சுமார் 70 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். 1969 ஜூன் 16 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு இந்த மாவட்டத்தை உருவாக்கியபோதே, எதிர்ப்பாளர்கள் இதைக் ‘குட்டிப் பாகிஸ்தான்’ என்றார்கள். ஆகவே யானையின் காட்சி ஒரு புதிய கருத்தை உருவாக்கவில்லை. அரை நூற்றாண்டாகச் சிலர் மனதில் இருந்த பழைய வசைக்கு அது புதிய படமாக அமைந்தது. காட்சி புதிது, தலைப்பு பழையது.

இதில் இழப்பு மலப்புரத்துக்கு மட்டுமல்ல. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை எப்படிச் சமாளிப்பது, சட்டவிரோத வெடிப்பொறிகளை எப்படி ஒழிப்பது, காட்டோர விவசாயிக்கு யார் துணை என்பவைதாம் அன்று நாடு விவாதித்திருக்க வேண்டிய கேள்விகள். மதம் உள்ளே வந்ததும் விவசாயியும் மறக்கப்பட்டார், யானையும் மறக்கப்பட்டது.

நல்ல காணொளிகள் என்ன செய்தன?

இதே மலப்புரத்திலிருந்து வேறு காட்சிகளும் பரவியிருக்கின்றன. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில், பெண்கள் படகில் ஏறுவதற்காகத் தண்ணீரில் குனிந்து தன் முதுகையே படியாக்கினார் ஒரு மீனவர். 2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கரிப்பூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. கொரோனா அச்சத்தையும் கொட்டும் மழையையும் பொருட்படுத்தாமல் கொண்டோட்டிப் பகுதி மக்கள் ஓடி வந்து, காயம்பட்டவர்களைத் தங்கள் வாகனங்களிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். இரத்தம் கொடுக்க நள்ளிரவில் வரிசையில் நின்றார்கள். அந்த விபத்தில் 21 பேர் இறந்தார்கள். இந்த மக்கள் விரைந்து வராமல் இருந்திருந்தால் இழப்பு இன்னும் கூடியிருக்கும்.

இந்தக் காட்சிகளையும் நாடு பாராட்டியது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நன்மை நடந்தால் அது ‘ஒரு மீனவரின் மனிதநேயம்’. தீமை என்றால், வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும், அது மலப்புரத்தின் குணம். பாராட்டு தனி மனிதரோடு நின்றுவிடுகிறது. பழியோ ஊர் முழுவதன் மீதும் விழுகிறது. 2025 ஏப்ரலில் எஸ்.என்.டி.பி. பொதுச்செயலாளர் வெள்ளாப்பள்ளி நடேசன் மலப்புரத்தைத் தனி நாடு போலச் சித்திரித்துப் பேசிய காணொளி பரவியபோது, வெள்ளமும் விமானமும் யாருக்கு நினைவு வந்தன?

எனவே, ஓர் அவதூறுக் காணொளிக்கு ஒரு நல்ல காணொளி பதிலாகிவிடும் என்று நம்புவது போதாது. அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நாம் நல்லவர்கள் என்று நாள்தோறும் சான்று காட்டினால்தான் குடிமக்களாக மதிக்கப்படுவோம் என்ற நிலையை நாமே ஏற்றுக்கொள்வதாகிவிடும். குற்றம் செய்தவர் யாரோ அவரே பொறுப்பு. ஊரும் மார்க்கமும் கூண்டில் ஏற வேண்டியதில்லை என்பதே நாம் உறுதியாகச் சொல்ல வேண்டிய பதில்.

தமிழகம் கண்ட பாடம்

இந்த வலி தமிழர்களுக்கும் அந்நியமன்று. 2023 மார்ச் தொடக்கத்தில், பீகார் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. அவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கிடையே திருப்பூரில் நடந்த மோதல் என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகள் இருவரிடையே நடந்தது என்றும் அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரிக்கும் அளவுக்கு விவகாரம் பெரிதானது. நாம் அறியாத ஒரு குற்றத்துக்காக நம் மாநிலம் முழுவதையும் யாரோ வெறுத்த அந்தச் சில நாட்களில் நமக்கு எப்படி இருந்தது? மலப்புரத்து மக்களுக்கு அது பல ஆண்டுகளாகப் பழகிப்போன அனுபவம்.

நம் கடமை

செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அதற்கான காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது: அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரலாம். அங்கே பேசப்படுவது ஒரு தனி மனிதரின் மானம் மட்டுமல்ல, ஒரு சமூகத்தின் மானமும்தான்.

இந்தக் கட்டளை நம்மைக் காக்கும் கேடயம் மட்டுமல்ல, நம்மைக் கட்டுப்படுத்தும் கடிவாளமும்கூட. உத்தரப் பிரதேசத்திலிருந்தோ குஜராத்திலிருந்தோ ஒரு கொடுமையான காட்சி வந்தால், ‘அந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்’ என்று எழுதி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதும் அதே அநீதிதான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பும் நம்மை நீதி தவறச் செய்யக்கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயம் நமக்குக் கற்றுத்தருவது.

எங்கே நடந்தது, எப்போது நடந்தது, யார் செய்தது, அதை உறுதிப்படுத்தியது யார்? இந்த நான்குக்கும் விடை தெரியாத காணொளி நம் கைப்பேசியோடு நிற்கட்டும். இதை நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பழக்குவோம். நம் ஊருக்கு நாம் எதிர்பார்க்கும் நீதியை அடுத்தவர் ஊருக்கும் கொடுப்போம்.