லைசென்ஸ் இருக்கா பாஸ்?

லைசென்ஸ் கேட்கிறது ட்ராஃபிக் போலீஸ் மட்டும்தான்னு இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேன். போன சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு என் லேப்டாப்பும் கேட்டுச்சு.

இன்டர்ன்ஷிப்ல எனக்குக் கொடுத்திருக்கிற வேலை, வெப் சர்வீஸ் டெஸ்ட்டிங். (மொபைல்ல பஸ் டிக்கெட் புக் பண்றீங்க இல்லையா... அந்த ஆப், தூரத்துல இருக்கிற சர்வர்கிட்ட 'மதுரைக்கு சீட் இருக்கா?'ன்னு கேட்கும். அந்தக் கேள்வி பதில்தான் வெப் சர்வீஸ். கேள்வியைத் தாறுமாறா கேட்டு சர்வரைக் கடுப்பேத்துறது என் உத்தியோகம்!) திங்கட்கிழமை காலையில டெமோ. முப்பது டெஸ்ட் கேஸ் பாக்கி. ஹாஸ்டல் ரூம்ல நூடுல்ஸுக்குத் தண்ணி வெச்சுட்டு டூலைத் திறந்தா, 'லைசென்ஸ் கிடைக்கவில்லை'ன்னு ஒரு குட்டிப் பெட்டி. ஓகே கொடுத்தா டூலே மூடிக்குது.

டெமோ சொதப்பினா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை அங்கேயே பண்ண விடமாட்டாங்க. கை உதறல் எடுத்துடுச்சு. ரூம்மேட் எட்டிப் பார்த்தா. "இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? கிராக் இருக்குடி!"ன்னு பென் டிரைவை நீட்டினா. உள்ளே ஒரு ரீட்மீ ஃபைல். முதல் வரியே, 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்.' திருட வர்றவன் முந்தின நாளே வந்து, 'நாயைக் கொஞ்சம் கட்டிப்போடுங்க'ன்னு சொல்ற மாதிரி இல்ல? அந்த லேப்டாப்லதான் கிளையன்ட்டோட டெஸ்ட் சர்வர் பாஸ்வேர்டும் இருக்கு. போதாக்குறைக்கு, 1957-ம் வருஷத்து பதிப்புரிமைச் சட்டத்துல 63பி-ன்னு ஒரு பிரிவு இருக்கு. திருட்டு சாஃப்ட்வேர்னு தெரிஞ்சே பயன்படுத்தினா 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 ஆயிரத்துல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லைன்னு காட்டினா ஜெயில்ல இருந்து தப்பிக்க வழி உண்டு. கம்பெனி வேலைக்குன்னா அதைச் சொல்ல முடியாதே! இவ்வளவு தெரிஞ்சும் அஞ்சு நிமிஷம் என் மௌஸ் அந்த ஃபைல் மேலேயே நின்னுச்சு. பொய் சொல்ல விரும்பலை.

கடைசியில டீம் லீட் அண்ணாவுக்கு போன் அடிச்சேன். சாப்பிட்டுக்கிட்டே ஒரே கேள்விதான் கேட்டார். "ஏம்மா, விபிஎன் போட்டியா?"

போடலை!

லைசென்ஸ்ல ரெண்டு விதம் இருக்கு பாஸ். ஒண்ணு, குறிப்பிட்ட ஒரு மெஷினோட கட்டிப்போட்டது. லேப்டாப் மாத்தினா செல்லாது. இன்னொண்ணு ஃப்ளோட்டிங் லைசென்ஸ். இது லைப்ரரி புக் மாதிரி. கம்பெனி அஞ்சு லைசென்ஸ் வாங்கி ஆபீஸ்ல ஒரு சர்வர்ல வெச்சிருக்கும். நாம டூலைத் திறக்கிறப்போ ஒண்ணு நம்ம பேருக்கு வரும், மூடினா திரும்பிப் போயிடும். ஹாஸ்டல் வைஃபைல இருந்து அந்த சர்வர் கண்ணுக்கே தெரியாது. ஸோ, லைசென்ஸ் எர்ரர்னு சொன்னாலும் நிஜத்துல அது நெட்வொர்க் பிரச்னை.

விபிஎன் போட்டேன். இப்போ வசனம் மாறிடுச்சு. 'எல்லா லைசென்ஸும் பயன்பாட்டில் உள்ளன.' சனிக்கிழமை ராத்திரி யாருப்பா இவ்வளவு உழைக்கிறதுன்னு அண்ணா லிஸ்ட்டைப் பார்த்தார். சிரிச்சார். ஐந்தாவது பேர் என் பேர்! வெள்ளிக்கிழமை 6.10 பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல டெஸ்க்டாப்பை லாக் பண்ணிட்டு ஓடியிருக்கேன். டூலை மூடலை. என் சீட்ல நானே துண்டு போட்டுட்டு, இடமில்லைன்னு ஒப்பாரி வெச்சிருக்கேன். அதை விடுவிக்க அட்மின் சாராலதான் முடியும். அவர் போன் ஸ்விட்ச்டு ஆஃப்.

"சோப்-யூஐ போட்டு ஆரம்பி"ன்னார் அண்ணா. 2005-ல ஸ்வீடன் நாட்டு எவிவேர் கம்பெனி கொண்டுவந்த ஓப்பன் சோர்ஸ் டூல். 2011-ல ஸ்மார்ட்பேர் அந்தக் கம்பெனியை வாங்கிடுச்சு. ஆனாலும் ஓப்பன் சோர்ஸ் பதிப்பு இன்னிக்கும் இலவசம்தான். பணம் கட்டுற டூல்ல இருக்கிற எல்லா வசதியும் இதுல கிடையாது. ஆனா சர்வீஸோட டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலைக் கொடுத்தா மாதிரி ரிக்வெஸ்ட்டை அதுவே எழுதிக் கொடுக்கும்.

ரிக்வெஸ்ட்டைத் தட்டினேன். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. அழுகையே வந்துடுச்சு. ஆனா எர்ரரை முழுசா படிச்சா அதுலேயே பாதி விடை இருக்குங்க. 'அன்நோன் ஹோஸ்ட்'னா அந்த அட்ரஸ்ல அப்படி ஒரு வீடே இல்லை. பேர்ல ஸ்பெல்லிங் தப்பா இருக்கலாம், இல்லேன்னா அது ஆபீஸுக்குள்ள மட்டும் தெரியுற பேரா இருக்கலாம். 'டைம்டு அவுட்'னா கதவைத் தட்டுறோம், பதிலே இல்லை. பெரும்பாலும் ஃபயர்வால் வாசல்லேயே மறிச்சிருக்கும். 'ரெஃப்யூஸ்டு'ன்னா வீடு இருக்கு, மூஞ்சியில அடிச்சா மாதிரி கதவைச் சாத்திட்டாங்க. பெரும்பாலும் அந்த போர்ட்டுல எந்த சர்வீஸும் ஓடலைன்னு அர்த்தம். 404, 500 எல்லாம் வந்தா பயப்படாதீங்க, வீட்டுக்குள்ள போய்ட்டோம், அங்கேதான் சண்டை. 407 வந்தா ப்ராக்ஸி அடையாள அட்டை கேட்குது. காலேஜ் லேப்ல பிரவுஸர்ல பக்கம் திறக்கும், டூல்ல மட்டும் திறக்காது இல்லையா? டூலோட செட்டிங்ஸ்ல ப்ராக்ஸி கொடுத்திருக்கான்னு பாருங்க.

என் கதையில, ஆபீஸ் டெஸ்க்டாப்ல இருந்து காப்பி பண்ணின அட்ரஸ் 'லோக்கல்ஹோஸ்ட்'. அதுக்கு அர்த்தமே 'இந்த மெஷின்'. அங்கே இருந்தப்போ அது டெஸ்க்டாப், இங்கே வந்தா என் லேப்டாப். சர்வீஸே இல்லாத என் லேப்டாப்பை நானே தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்! டெஸ்ட் சர்வர் அட்ரஸை மாத்தினதும் பச்சை விளக்கு. அப்போ மணி 1.20. நூடுல்ஸ் கஞ்சியாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள்ள இருபத்துநாலு கேஸ் முடிஞ்சுது. மீதி ஆறை 'பாக்கி'ன்னு நேர்மையா எழுதிட்டேன். டெமோல அதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. ப்ராஜெக்ட் விஷயத்தை இந்த மாசக் கடைசியில சொல்றாங்களாம்.

இப்போ தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு, நான் பையை மாட்டுறப்போ, மூணு க்யூபிக்கிள் தள்ளி இருந்து அண்ணா குரல் வரும். "ஏம்மா... துண்டை எடுத்துட்டியா?"